கயிறில்லா வாளி

ஹெல்மெட்டைக் கழற்றினால் தலைமயிர் கலையும். அது எல்லாருக்கும் தெரிந்தது. காதும் சேர்ந்து கழன்று விழும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கந்தோர் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைத் தூக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். பிறகு சீமெந்துத் தரையில் எதுவோ உருள்கிற சத்தம். பார்த்தால், வேரோடு பிடுங்கின கடைவாய்ப் பல் மாதிரி வெள்ளையாக ஒன்று படிக்கட்டடியில் கிடக்கிறது. காவலுக்கு இருக்கும் ஐயா குனிந்து எடுத்து, சேட்டில் துடைத்து நீட்டினார்.

"தங்கச்சி, உங்கட காது விழுந்துபோச்சு."

அவர் பகிடி விடவில்லை. சாமானின் பெயர் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கோ அதைவிடப் பொருத்தமான பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஸ்கூட்டி ஓடும்போது பாட்டுக் கேட்கிறவள் இல்லை நான். வீட்டில் அக்காவோடு கதைத்தபடியே வெளிக்கிட்டு, கதை முடிந்தபிறகு கழற்ற மறந்து, மேலே ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டேன். கவிழ்க்கும்போது அது காதை மடக்கிக்கொண்டு இறங்கும். கழற்றும்போது காதில் இருப்பதை வழித்துக்கொண்டு ஏறும். இடையில் பதினைந்து நிமிட ஓட்டம் முழுக்க, வலது காதுக்குள் யாரோ பெருவிரலை வைத்து அழுத்துவதுபோல ஒரு நோ. இது மூன்றாவது தரம். நான்காவதாகவும் இருக்கலாம்.

காசு கொடுத்து நானே வாங்கியிருந்தால் எப்போதோ லாச்சிக்குள் போட்டுப் பூட்டியிருப்பேன். இது ரொரன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன், முதல் வேலையின் முதல் சம்பளத்தில் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டது. "சின்னம்மா, இனி வயர் சிக்கெடுத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை." பிள்ளை ஆசையாகத் தந்ததை எப்படி வேண்டாம் என்பது? ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவான். எங்களுக்கு இரவு எட்டு, அவனுக்குக் காலை பத்தரை. முகத்தைப் பார்க்க முதல் காதைத்தான் பார்ப்பான். போட்டிருக்கிறேனா என்று.

அதற்கு முன் என்னிடம் ஒரு ஹான்ஸ்ஃபிறீ இருந்தது, பஸ் ஸ்ராண்டடியில் வாங்கினது. கை இரண்டும் சும்மா இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அதைச் சிக்கெடுக்கக் கை இரண்டும் வேண்டும் என்பது வேறு கதை. ஆனால் ஒரு நல்ல குணம் இருந்தது. காதிலிருந்து கழன்றால் நெஞ்சில் தொங்கும். நிலத்துக்குப் போகாது. எங்கள் கிணற்றில் வாளி எத்தனை தரம் கைநழுவியிருக்கிறது! கயிறு இருந்ததால் இழுத்து எடுத்தோம். கயிறு அறுந்தால் பக்கத்து வீட்டுப் பாதாளக் கரண்டியை இரவல் வாங்கித் துழாவினோம். கயிறே இல்லாத வாளியை ஒருவர் விற்க, அதை வசதி என்று சொல்லி நாங்கள் வாங்குகிற காலம் வரும் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் ஒரு மாதிரிப் பார்த்திருப்பா.

திரும்பிப் போகலாம் என்றால் வழியும் அடைபட்டுக் கிடக்கிறது. இது வருவதற்கு முதல் வருடம் ரொரன்ரோவில் இருந்து வந்த போனில் ஹான்ஸ்ஃபிறீ குத்துகிற ஓட்டை இல்லை. அந்த 3.5 மில்லிமீற்றர் ஓட்டை லேசுப்பட்ட சாமான் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் பெண்கள் குத்திக் குத்தி இணைப்புக் கொடுத்த பெரிய செருகியின் பேரப்பிள்ளை அது. ரேடியோவிலும், 1979இல் வந்த வோக்மனிலும், எங்கள் வீட்டுக் கசெற் ரெக்கோடரிலும் இருந்தது. 2016 செப்டெம்பர் 7ஆம் திகதி ஐபோன் 7ஐ மேடையேற்றியபோது அந்த ஓட்டையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு ஒரு காரணமாக, துணிச்சல் என்ற சொல்லை மேடையிலேயே சொன்னார் ஐபோன் கொம்பனியின் பில் ஷில்லர். அதே மேடையில்தான் காதில் செருகுகிற, வயரில்லாத எயார்பொட்ஸும் வந்தது. ஓட்டையை அடைத்த கையோடு அடைப்பானையும் விற்கிறது ஒரு துணிச்சல்தான், இல்லையென்று சொல்லவில்லை. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்த வழியில் போனார்கள். என் போன் வேறு ஆட்களுடையது. அதிலும் ஓட்டை இல்லை.

சரி, காதுக்கு வருவோம்.

பெட்டிக்குள் மூன்று சோடி சிலிக்கன் றப்பர் வந்தது. எஸ், எம், எல். சட்டை வாங்குகிற மாதிரி. எம் இடது காதுக்குச் சரி. வலது காதுக்கு எம் போட்டால் அரை மணித்தியாலத்தில் நோகும், எஸ் போட்டால் அரை நிமிடத்தில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உலகத்தில் இல்லை. என் இரண்டு காதும் ஒரே அளவில்லை என்பதை ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பிளாஸ்ரிக் துண்டு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதனால் இடதில் எம், வலதில் எஸ் என்று கலந்து போட்டுக்கொண்டு திரிந்தேன், ஒரு காலில் பாட்டா செருப்பும் மற்றக் காலில் சப்பாத்தும் போட்டவள் மாதிரி.

அதிலும் றப்பர்தான் மூன்று அளவு. மேலே இருக்கிற குமிழ், காதுக் கிண்ணத்தில் குந்தியிருக்கும் அந்த உடம்பு, எல்லாருக்கும் ஒரே அளவு. நோகிறதும் அங்கேதான். றப்பர் மாற்றி என்ன பிரயோசனம்? பெண்களின் காதுக் குழாய் பொதுவாக ஆண்களுடையதைவிடச் சிறியது. காது வைத்தியம் செய்கிறவர்களுக்கு அது புதினமில்லை. இதைச் செய்கிறவர்களுக்கு மட்டும் மெல்லமாகத்தான் ஏறுகிறது. எயார்பொட்ஸ் புரோ 2019இல் வந்தபோது மூன்று அளவு றப்பர்தான். எஸ்ஸையும்விடச் சின்னதாக ஒன்றைச் சேர்க்க 2022 வரை எடுத்தது. எங்கள் சந்தியில் சட்டை தைக்கிற அக்கா கண்ணாலேயே பார்த்து, "இந்தக் கை மற்றக் கையைவிடக் கொஞ்சம் மெலிவு, அரை அங்குலம் பிடிக்கிறன்" என்பா.

ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு போன் கடைக்குக் கொண்டுபோனேன். தனியே றப்பர் மட்டும் இருக்கிறதா என்று. பெடியன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, இதுக்குத் தனிய வராது. புது சோடிதான் எடுக்கோணும்."

"தம்பி, செருப்பு வார் அறுந்தால் வார்தானே மாத்திறது?"

"அது செருப்பு அக்கா."

பிறகு இரங்கி, போடுகிற முறையைக் காட்டினான். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, கொஞ்சம் திருகிவிட வேண்டுமாம். அவன் சொன்னது சரிதான். காதுக் குழாய் நேர்க் குழாய் இல்லை, வளைந்தது. மேலும் பின்னும் இழுத்தால்தான் நிமிரும். வைத்தியரும் காதுக்குள் வெளிச்சம் அடிக்க முதல் அப்படித்தான் இழுக்கிறவர். ஆனால் மினிபஸ்ஸில் ஒரு கையில் மேல் கம்பி, மறு கையில் சாப்பாட்டுப் பை, தோளில் கைப்பை என்று நிற்கிறவளுக்குத் தலைக்கு மேலால் கொண்டுபோக மூன்றாவது கைக்கு எங்கே போவது?

அப்படி இழுத்துத் திருகி விட்டாலும் எவ்வளவு நேரம்? வாய் திறக்கும் வரைக்கும். சின்னி விரலைக் காதுக்குள் விட்டுக்கொண்டு வாயை ஆவென்று திறந்து மூடிப் பாருங்கோ. விரலடியில் குழாய் அசையும். தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருக்கிறது. குழாயின் வெளிப்பகுதி எலும்பு இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்தோமே, கசியிழையம், அது. தாடை ஆடினால் அதுவும் ஆடும். சாப்பிட, கதைக்க, கொட்டாவி விட, ஒவ்வொரு அசைவுக்கும் அந்தச் சாமான் ஒரு நூல் வெளியே வரும். கதைப்பதற்கென்று வாங்கின சாமான், கதைத்தால் கழலுகிறது! இதைச் செய்தவர்கள் ஒரு காதைப் படம் வரைந்து மேசையில் வைத்துத்தான் அளந்திருக்க வேண்டும். படத்தில் இருக்கிற காது வேர்க்காது, மெல்லாது, ஹெல்மெட் போடாது, அக்காவோடு ஒரு மணித்தியாலம் கதைக்காது.

கழலாமல் இறுக்கமாக நின்றால் இன்னொரு உபத்திரவம். ஒருநாள் அதைப் போட்டபடி பருத்தித்துறை வடை கடித்தேன். தெரியும்தானே, தட்டையாக, முறுகலாக, உழுந்தும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் போட்ட அந்த வடை. முதல் கடியில் தலைக்குள் கல் உடைக்கிற சத்தம். திடுக்கிட்டுப் போனேன், பல்தான் போய்விட்டதாக்கும் என்று. காது திறந்திருக்கும்போது, எலும்பு வழியாக வருகிற இந்தத் தடித்த சத்தங்கள் குழாய் வாயால் வெளியே போய்விடும். வாயை அடைத்தால் போக்கிடம் இல்லாமல் உள்ளேயே நின்று முழங்கும். சொந்தக் குரலும் அப்படித்தான், கிணற்றுக்குள் இறங்கி நின்று கதைக்கிறமாதிரி. அதனால் நான் குரலைத் தணித்துக் கதைக்கிறேன். மறுபக்கத்தில் அக்கா, "என்னடி, சுகமில்லையே, குரல் அடைச்சுப்போய்க் கிடக்கு?" என்று கேட்கிறா. பதிலுக்குக் கத்துகிறேன். குசினிக்குள் நிற்கிற என் கணவர் எட்டிப் பார்க்கிறார்.

அவர் பேச்சை எடுத்ததால் அவர் கதையும். இரவில் படுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய தவில் ஒலிப்பதிவுகளைக் கேட்கிறவர். பக்கத்தில் படுக்கிற எனக்கு நித்திரை வேண்டுமே, இதைப் போட்டுக் கேளுங்கோ என்று கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கழற்றித் தந்துவிட்டார்.

"இஞ்சேரும், இதுக்குள்ள தொப்பி இல்லை. வலந்தலை மட்டும்தான் கிடக்கு."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு நானும் போட்டுப் பார்த்தேன். உண்மை. விரல்கூடு போட்ட வலக்கை விழுகிற வலந்தலை டக் டக்கென்று கணீராகக் கேட்கிறது. இடப்பக்கத்தில் கழி விழுகிற தொப்பியின் அந்த அடிவயிற்றுச் சத்தம் மட்டும் எங்கோ தூரத்துக் கோயிலில். றப்பர் குழாயை முற்றாக அடைக்காமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டால் போதும், தடித்த சத்தமெல்லாம் அதால் ஒழுகிப் போய்விடும். தவிலைப் பாதியாக வெட்டித் தருகிற யந்திரத்தை வைத்து என்ன செய்யிறது? அவர் பழையபடி தலையணைக்குப் பக்கத்தில் போனைச் சத்தமாக வைத்துக் கேட்கிறார். நான் தலையணைக்குக் கீழே தலையை வைத்துப் படுக்கிறேன்.

ஒழுகினால் நாங்கள் செய்கிற அடுத்த வேலை சத்தத்தைக் கூட்டுவது. மினிபஸ்ஸில் சாரதி போடுகிற பாட்டுக்கு மேலால் கேட்க வேண்டுமே. 80 டெசிபெல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம், சத்தம் கூடக் கூட நேரத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மினிபஸ் சாரதிக்கு இதை யார் சொல்வது என்று அவர்கள் எழுதவில்லை.

பங்குனி, சித்திரைப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். றப்பருக்கும் தோலுக்கும் நடுவில் வேர்வை நின்று வழுக்கும். வழுக்கினால் தள்ளுவேன், தள்ளினால் இருமல் வரும். தடிமன் இல்லை, ஒன்றுமில்லை, காதைத் தொட்டால் இருமல். வைத்தியரிடம் கேட்டபோதுதான் சொன்னார், நெஞ்சு, வயிறு வரைக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக் குழாய்க்கும் வருகிறது, சிலருக்கு அங்கே முட்டினால் தொண்டைதான் பதில் சொல்லும் என்று. அவரிடம் போனது அதற்காக இல்லை. கடி. காதுக்குள் கை எட்டாத இடத்தில் கடி. வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "எந்த நேரமும் அடைச்சு வைக்காதைங்கோ, காதைக் கொஞ்சம் காய விடுங்கோ" என்றார். காது தன்னைத் தானே துப்புரவாக்கும், உள்ளே இருக்கும் தோல் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து குறும்பியையும் கொண்டுவரும், நீங்கள் வாசலில் மூடி போட்டு அதைத் திரும்ப உள்ளே தள்ளுகிறீர்கள் என்றும் சொன்னார். ஒடியலையும் மிளகாயையும் காய விடுகிற ஊரில் காதையும் காய விடச் சொல்லி ஒரு துண்டு. தந்த துளி மருந்தை விட்டபோது மற்றப் பக்கம் சரிந்து படுத்துக் கிடந்தேன். போன் அடித்தது. ரொரன்ரோ.

தோடு பற்றியும் சொல்லவேண்டும். அது என் பெரிய ஆதங்கம்.

ஒரு பவுண் எட்டுக் கிராம். என் கலியாணத்துக்கு அம்மா செய்வித்த தோடு சோடி ஒரு பவுண், காதுக்கு நாலு கிராம். கஸ்தூரியார் வீதியில் செய்தது. முதல் வந்த எயார்பொட்ஸும் ஒன்று நாலு கிராம்தான், பிறகு வந்த புரோ ஐந்து கிராமுக்குச் சொச்சம். ஆக, பாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தத் தோட்டோடு இடம்பெயர்ந்தேன், பிள்ளை பெற்றேன், கிணற்றடியில் குளித்தேன், இருபத்தேழு வருடத்தில் ஒருநாளும் விழவில்லை. காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. பின்னால் ஒரு சுரை. தட்டார் புரி வெட்டி, சுரையைத் திருகி, "இழுத்துப் பாருங்கோ" என்று சொல்லித்தான் கையில் தந்தார். இதற்குப் பிடிமானம் என்ன? உராய்வு. வேர்த்த காதில் உராய்வை நம்பி ஐந்து கிராமைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதுவும் அதன் வால் சரியாகத் தோட்டுக்கு மேல் வந்து முட்டுகிறது. தலையை ஆட்டினால் டிங், டிங் என்று தட்டும். "சின்னம்மா, கோயிலிலயோ நிக்கிறியள், மணிச் சத்தம் கேக்குது" என்று ஒருநாள் கேட்டான்.

கோயில் இல்லாவிட்டால் கடல். சோளகம் தொடங்கினபிறகு ஒரு பின்னேரம் பண்ணையில் நடந்துகொண்டு கதைத்தேன். எனக்கு அவன் சொல்வது கேட்கிறது, அவனுக்குக் காற்று மட்டும்தான் கேட்கிறதாம். வயர் இருந்த காலத்தில் மைக் கழுத்தடியில் தொங்கும். காற்றென்றால் இரண்டு விரலால் பொத்தி வாய்க்குக் கிட்டக் கொண்டுவருவேன். இதில் மைக் காதடியில் இருக்கிறது. வாயைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோகிற வித்தை எனக்குத் தெரியாது. கடைசியில் மகாத்மா மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கதைத்து முடித்தேன். நடக்கப்போன பெண் நட்ட கல்லாக நிற்பதை நாலு பேர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

காது இவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றைக் கேட்ட காலம் முன்பும் இருந்தது. தொண்ணூறுகளில், சண்டை நடந்த காலத்தில், கரண்ட் இல்லை, பற்றரி தடை. எங்கள் ஐயா சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவில் வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது நானும் அக்காவும், முறை வைத்து. சுற்று தளர்ந்தால் தமிழோசைச் செய்தி தேயும், "சுத்தடி, சுத்தடி" என்று முற்றத்தில் இருக்கிற அயலட்டை முழுக்கக் கத்தும். அந்தத் தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017 ஏப்ரலோடு நின்றுபோனது. கை உளைந்ததே தவிர, ஒருவர் காதும் நொந்ததில்லை. ஒரு ரேடியோ பதினைந்து காதுக்கு அளவாக இருந்தது. அந்தக் காலம் நல்லது என்று சொல்ல வரவில்லை. அதை இன்னொரு தரம் யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். நல்லூர்த் தேர். விடியவே போய்விட்டோம். அக்கா தொலைபேசியில், "தேர் அசையிற நேரம் எனக்கு ஒருக்கால் சத்தத்தைக் கேக்க விடு" என்று கெஞ்சினதால் வலது காதில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். எஸ் றப்பர் காது. தேர் வெளிக்கிட்டது, அரோகரா என்று வாய் திறந்தேன். அவ்வளவுதான். கழுத்தடியில் ஏதோ பட்டது, பிறகு ஒன்றுமில்லை. குனிந்தால் வீதி முழுக்க மணல், நல்லூரின் அந்த வெள்ளை மணல். வெள்ளை மணலில் வெள்ளைச் சாமான். மேலால் ஆயிரம் கால்.

பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை, "அன்ரி, போனில தேடுற பட்டன் இருக்கு, அமத்தினால் அது கத்தும்" என்றாள். அமத்தினேன். கத்தியிருக்கும். நாலு கூட்டம் மேளம், சங்கு, சேமக்கலம், இத்தனைக்கும் நடுவில் அந்தச் சிட்டுக்குருவிச் சத்தத்தைக் கேட்க எனக்கு வேறொரு காது வேண்டும். இவர் வேட்டியை மடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மணலைக் கிளறினார். பின்னால் வந்த ஒரு ஐயா அவர் ஏதோ நேர்த்தி செய்கிறாராக்கும் என்று நினைத்து விலகி வழி விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது துக்கமாக இருக்கவில்லை என்றால் நம்புவீர்களா? வலது காது நோகவில்லை. காற்று உள்ளே போய் வந்தது. மாட்டுக்குக் கழுத்துக் கட்டை கழற்றினமாதிரி. அடுத்த ஞாயிறு அவனிடம் சொல்லும் வசனத்தைக் கிழமை முழுக்கப் பாடமாக்கினேன். துலைஞ்சுபோச்சடா தம்பி, பரவாயில்லை, சின்னம்மாவுக்கு இனி உது தேவையில்லை, நீ காசைச் செலவழியாதை.

எட்டு மணிக்கு வந்தான். முதலில் காதைப் பார்த்தான்.

"எங்க சின்னம்மா, போடேல்லையே?"

சொன்னேன். நல்லூர், தேர், மணல் எல்லாம். பாடமாக்கின கடைசிப் பகுதிக்கு வர முதல் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அதுக்கேன் கவலைப்படுறியள்? அம்மா மார்கழியில வரேக்க புது சோடி ஒண்டு குடுத்துவிடுறன். இப்ப வாற மொடல் இன்னும் திறம். பொறுங்கோ, ஓடர் போடுறன். உங்கட காது என்ன சைஸ்?"

"எந்தக் காது தம்பி?" என்று கேட்டேன்.